எந்த இஷ்யூவைக் கையில் எடுப்பது?

திறமூல மென்பொருளுக்குப் பங்களிக்க விரும்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் நிரலைச் சுற்றியே இருக்கின்றன. இந்த மொழியில் எனக்கு இருக்கும் பழக்கம் போதுமா, இவ்வளவு பெரிய திட்டத்தில் எந்தக் கோப்பிலிருந்து படிக்கத் தொடங்குவது, இந்த இஷ்யூ, அதாவது திட்டத்தின் பக்கத்தில் பதிவாகியிருக்கும் இந்தப் பிழை அல்லது கோரிக்கை, எனக்கு எட்டுமா என்று கேட்பார்கள். அலுவலக வேலை முடிந்த பிறகு கிடைக்கும் நேரத்தில் சில ஆண்டுகளாகப் பைத்தான் திட்டங்களுக்குச் சிறு திருத்தங்களை அனுப்பி வருபவன் என்ற அளவில், இவற்றுக்கெல்லாம் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று என்று நினைக்கிறேன்: அந்த இஷ்யூவில் என்ன செய்ய வேண்டும் என்பதை, அதைச் சொல்லும் உரிமை உள்ள யாராவது ஏற்கெனவே சொல்லிவிட்டார்களா? சொல்லிவிட்டார்கள் என்றால், வேலை சற்றுக் கடினமாக இருந்தாலும் உழைப்பு வீணாவது அரிது. சொல்லவில்லை என்றால், மூன்று வரித் திருத்தம்கூட ரிவ்யூ செய்ய ஆளில்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும்.

இஷ்யூ திறந்திருக்கிறது என்பதாலேயே அதைச் செய்து தர ஆள் தேடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நிரலைப் பகிர்ந்து வைக்கும் தளமான கிட்ஹப்பில் பிழை அறிக்கையும், பயனர் ஒருவரின் ஆசையும், இரண்டு பேர் விட்டுக்கொடுக்காமல் நடத்தும் வாக்குவாதமும், திட்டத்தை நடத்தும் பராமரிப்பாளர் தனக்காக எழுதி வைத்த குறிப்பும், ஆவணத்தைப் படிக்காமல் கேட்ட சந்தேகமும் ஒரே பச்சை வட்டத்தோடுதான் வரிசையில் நிற்கின்றன. மூடினால் யாராவது வருத்தப்படுவார்கள் என்பதற்காகவே திறந்து விடப்பட்டவையும் அவற்றில் உண்டு. ஆகவே, ஓர் இஷ்யூவைத் திறந்தவுடன் அதன் தொழில்நுட்ப விவரத்துக்குள் இறங்காமல், அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் தேடுகிறேன்.

இந்த நிலையைத் தெளிவாக எழுதி வைக்கும் திட்டங்களில் ஜாங்கோவை முதலில் சொல்ல வேண்டும். 2005இல் வெளிவந்த இந்த வலைச் சட்டகம், நிரலைக் கிட்ஹப்பில் வைத்திருந்தாலும், பிழைகளையும் கோரிக்கைகளையும் இன்றும் ட்ராக் என்ற தனி அமைப்பிலேயே பதிவு செய்கிறது. அங்கே ஒவ்வொரு டிக்கெட்டும் 'அன்ரிவ்யூட்' என்ற நிலையில் தொடங்குகிறது. தகுதியுள்ள யாரும் இன்னும் பார்க்கவில்லை என்று பொருள். பிரச்சினை உண்மையானது என்று ஒருவர் சரிபார்த்த பிறகே 'அக்செப்டட்' ஆகிறது. 'சம்டே/மேபி' என்ற நிலையில் கிடப்பவை என்றாவது ஒருநாள் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட எண்ணங்கள். 'வோன்ட்ஃபிக்ஸ்' என்று மூடப்பட்ட டிக்கெட்டை நாமாகத் திறக்கக் கூடாது. மாற்றுக் கருத்து இருந்தால் பொது விவாதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் விதி. இவற்றோடு, திருத்தம் ஏற்கெனவே இருக்கிறதா, டெஸ்ட் (நிரலைத் தானாகச் சோதிக்கும் சிறு நிரல்) தேவையா, ஆவணம் தேவையா, திருத்தத்தை மேம்படுத்த வேண்டுமா என்ற கொடிகளும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் உண்டு. முதன்முறை வருகிறவருக்கு இதெல்லாம் அரசு அலுவலகப் படிவம் போலத் தோன்றும். எனக்கோ, என் மாலை நேரத்தை மிச்சப்படுத்திய படிவம் இது. 'அக்செப்டட்' நிலையில் உள்ள, யாரும் எடுத்துக்கொள்ளாத, திருத்தம் இன்னும் வராத டிக்கெட்டுகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் பட்டியல் வெகுவாகச் சுருங்கிவிடும்.

வேறு திட்டங்களில் இதே தகவல் வேறு வடிவில் இருக்கும். குபர்நெட்டிஸ் என்ற மென்பொருள் திட்டம், புதிய இஷ்யூக்களுக்கு 'நீட்ஸ் ட்ரையாஜ்' (பார்த்துத் தரம்பிரிக்க வேண்டும்) என்ற லேபிளைத் தானாக ஒட்டுகிறது. பொறுப்பானவர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அது 'ட்ரையாஜ் அக்செப்டட்' என்று மாறுகிறது. அங்கே 90 நாட்கள் அசைவின்றிக் கிடந்தால் 'ஸ்டேல்' என்று ஒரு தானியங்கி குறிக்கும். மேலும் 30 நாட்களில் 'ராட்டன்' ஆகும். அதற்கும் 30 நாட்கள் கழித்து மூடப்படும். இப்படித் தானாக மூடப்பட்டது மனிதர் எடுத்த முடிவு அல்ல என்பதால், மூடிய இஷ்யூவைக் கண்டதும் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றோ மறுத்துவிட்டார்கள் என்றோ முடிவு கட்டக் கூடாது. மூடியது யார் என்று பார்க்க வேண்டும். சைகிட்-லேர்ன் என்ற இயந்திரக் கற்றல் நூலகம், புதிய அல்காரிதம் ஒன்றைச் சேர்ப்பதற்கு அது வெளியாகிக் குறைந்தது 3 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், 200க்கு மேல் மேற்கோள்கள் இருக்க வேண்டும், பரவலாகப் பயன்பட வேண்டும் என்று பொது அளவுகோல் ஒன்றை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. சென்ற ஆண்டு வந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்துவிட்டு அதைச் சேர்க்கச் சொல்லும் இஷ்யூவை எடுப்பவர், எவ்வளவு அழகாக நிரல் எழுதினாலும், இந்த ஒரு பத்தியைத் தாண்ட முடியாது. பைத்தான் மொழியின் தொடரமைப்பை மாற்றுவதென்றால் பெப் எனப்படும் முன்மொழிவு ஆவணம் வேண்டும். ரஸ்ட் மொழியில் ஆர்எஃப்சி என்ற அதே போன்ற ஆவணம் வேண்டும். அந்த ஆவணமே இல்லாத நிலையில் நிரலோடு போய் நிற்பதால் பயனில்லை.

இப்படிப்பட்ட முறையான நிலைகள் எதுவும் இல்லாத திட்டங்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அங்கே பின்னூட்டங்களைத்தான் படிக்க வேண்டும். படிக்கும்போது சொன்னவர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். கிட்ஹப்பில் பெயருக்குப் பக்கத்தில் 'ஓனர்', 'மெம்பர்', 'கொலாபரேட்டர்', 'கான்ட்ரிப்யூட்டர்' என்று சிறு பட்டை தெரியும். முதல் மூன்றும் அந்தத் திட்டத்தோடோ அதை நடத்தும் அமைப்போடோ முறையான தொடர்பு உள்ளவர்களைக் குறிப்பவை. நான்காவது, அவருடைய கமிட் (பதிவான நிரல் மாற்றம்) ஒன்று எப்போதோ ஏற்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தியவருக்கும் அதே பட்டைதான். 'நல்ல யோசனை, செய்யுங்கள்' என்று அவர் சொன்னால் அது ஊக்கம் மட்டுமே. பராமரிப்பாளர் சொல்லும் 'சுவாரசியமாக இருக்கிறது' என்பதையும் நான் ஒப்புதலாகக் கொள்வதில்லை. 'இப்படிச் செய்தால் ஏற்றுக்கொள்வோம்' என்று நிபந்தனையோடு வரும் வாக்கியம்தான் தேட வேண்டியது. நிபந்தனை எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ, அவ்வளவு தூரம் அவர் அதை யோசித்திருக்கிறார்.

கட்டைவிரல் குறிகளை நம்ப வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நூற்றுக்கணக்கானோர் விரும்பியும் பல ஆண்டுகளாகத் திறந்தே கிடக்கும் இஷ்யூ ஒன்றைப் பார்த்தால், இத்தனை பேர் கேட்டும் திறமையான ஒருவர்கூடவா இதைச் செய்யவில்லை என்ற சந்தேகம்தான் முதலில் வர வேண்டும். பெரும்பாலும் யாரோ செய்திருப்பார்கள். அது ஏற்கப்படாமல் போயிருக்கும். ஏன் ஏற்கப்படவில்லை என்பது அதே பக்கத்தில் எங்கேயோ எழுதப்பட்டிருக்கும்.

இனி 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' லேபிளுக்கு வருகிறேன். புதியவர்களுக்காகச் சிறு வேலைகளை ஒதுக்கி வைக்கும் வழக்கம் கிட்ஹப்புக்கு முந்தையது. மொசில்லாவில் 'குட் ஃபர்ஸ்ட் பக்' என்றும், லிப்ரே ஆஃபிஸில் 'ஈஸி ஹேக்' என்றும், ஜாங்கோவில் 'ஈஸி பிக்கிங்ஸ்' என்றும் அது வழங்குகிறது. நல்ல நோக்கத்தோடு தொடங்கியதுதான். ஆனால் எல்லோரும் தேடுவது இந்த லேபிளையே என்பதால், பிரபலமான திட்டங்களில் அது ஒட்டப்பட்ட சிறிது நேரத்துக்குள் 'எனக்கு ஒதுக்குங்கள்' என்ற பின்னூட்டங்கள் வரிசை கட்டுகின்றன. இதைத் தூண்டிவிட்டதில் பரிசுக்கும் பங்கு உண்டு. 2014இல் தொடங்கிய ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வு, அக்டோபர் மாதத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தை ஏற்கக் கோரும் விண்ணப்பம்) அனுப்புவோருக்கு டி-ஷர்ட் கொடுத்தது. 2020இல் திட்டத்தை அறிமுகப்படுத்தும் ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லை மாற்றி அனுப்பும் புல் ரிக்வெஸ்ட்டுகள் பராமரிப்பாளர்களை மூழ்கடிக்கவே, விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று நிகழ்வின் நடுவிலேயே விதியை மாற்ற நேர்ந்தது. 2023இல் டி-ஷர்ட்டும் நின்றது. 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் சட்டகத்தின் ரீட்மீயில் தம் பெயரைச் சேர்க்கும் புல் ரிக்வெஸ்ட்டுகள் குவிந்தன; நம் நாட்டு மாணவர்கள் பலர் ஒரு பாடக் காணொளியில் காட்டியதை அப்படியே செய்து பார்த்ததன் விளைவு அது. மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயிற்சிக்கும் பங்களிப்புக்கும் இடையிலுள்ள கோட்டை அவர்களுக்கு யாரும் காட்டவில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எளிய இஷ்யூவின் உரையை அப்படியே வாங்கி நிரலாக மாற்றித் தருகின்றன. அதனால் எளிய வேலைகளுக்கான போட்டி இன்னும் கூடியிருக்கிறது. பராமரிப்பாளர்களின் பொறுமை குறைந்திருக்கிறது. இத்தகைய கருவிகளின் உதவியோடு எழுதப்பட்ட பங்களிப்புகளை ஏற்பதில்லை என்று ஜென்டூ லினக்ஸ் 2024 ஏப்ரலில் முடிவு செய்தது. வேறு பல திட்டங்கள் நிபந்தனைகளோடு அனுமதிக்கின்றன. இஷ்யூவைப் பார்ப்பதற்கு முன் பங்களிப்பு வழிகாட்டியில் இது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுவது நல்லது. என்னைப் பொறுத்தவரை, லேபிள் ஒட்டப்பட்ட இஷ்யூக்களைவிட, நான் அன்றாடம் பயன்படுத்தும் கருவியில் எனக்கே இடறிய இஷ்யூக்கள்தான் நல்ல பலன் தந்திருக்கின்றன. அவற்றில் போட்டி குறைவு; சரியான நடத்தை எது என்பதும் பயன்படுத்துகிறவனுக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட இரண்டு இஷ்யூக்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இரண்டும் ஒரே திட்டத்தில் இருந்தவை. தரவுக் கோப்புகளைப் படித்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில் அட்டவணையாகக் காட்டும் சிறு கருவி அது. முதல் இஷ்யூ, தமிழ், இந்தி போன்ற எழுத்துகள் வந்தால் அட்டவணையின் நெடுவரிசைகள் கோணலாகின்றன என்றது. இரண்டாவது, நீளமான உரையைக் குறிப்பிட்ட நீளத்தில் வெட்டி மூன்று புள்ளி வைக்கும்போது எழுத்து பாதியில் உடைகிறது என்றது. தமிழ்ப் பெயர்ப் பட்டியல்களோடு வேலை செய்கிறவன் என்பதால் இரண்டும் எனக்கு நேரடியாகத் தேவைப்பட்டன. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே காரணம்: நிரல், எழுத்துகளை யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் தரமுறை) குறியீடுகளாக எண்ணுகிறது. 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறியீடுகள்.

நெடுவரிசை இஷ்யூவின் கீழ் ஒருவர், நீளத்தை எண்ணும் சார்புக்குப் பதிலாக அகலத்தை எண்ணும் நூலகத்தைப் போட்டால் தீர்ந்தது என்று எழுதியிருந்தார். ஒரே வரித் திருத்தம், கை பரபரத்தது. ஆனால் அகலம் என்ன என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தபோது வேலையின் உருவமே மாறிவிட்டது. பரவலாகப் புழங்கும் பழைய கணக்கு முறையில், இடம் பிடிக்காத குறி என்று யூனிகோட் வகைப்படுத்தியவற்றுக்கு அகலம் 0, மற்ற தமிழ்க் குறியீடுகளுக்கு 1. யூனிகோட் அட்டவணையில் தமிழின் ஈகாரக் குறி இடம் பிடிக்காத வகையில் இருக்கிறது. இகரக் குறி இடம் பிடிக்கும் வகையில் இருக்கிறது. அதனால் அந்தக் கணக்கின்படி 'கி' 2 கட்டங்களையும் 'கீ' 1 கட்டத்தையும் பிடிக்கும்! வேறொரு நூலகம் இரண்டையும் ஒரே கட்டமாக எண்ணும். முனையங்களும் ஆளுக்கொரு விதமாக வரைகின்றன: ஒன்று குறியைத் தனிக் கட்டத்தில் வைக்கும், இன்னொன்று எழுத்துருவின் உண்மையான அகலத்துக்கு விட்டுவிடும். நம் கருவி என்ன எண்ணைச் சொன்னாலும், திரையில் வரைவது முனையம். ஒரு முனையத்தில் நேராகும் அட்டவணை அடுத்த முனையத்தில் கோணலாகும்.

ஆக, அந்தப் பிழை அந்தக் கருவியின் அடுக்கில் தீரக்கூடியது அல்ல. பராமரிப்பாளர் மனது வைத்தாலும் எது சரி என்று அவரால் சொல்ல முடியாது. டெஸ்ட் எழுத வேண்டுமென்றால் எதிர்பார்க்கும் விடை என்று எதை எழுதுவது? இந்தக் கேள்வியை அதன் பிறகு எல்லா இஷ்யூக்களிடமும் கேட்டுப் பார்க்கிறேன். நிரலைத் தொடுவதற்கு முன், இது தீர்ந்துவிட்டது என்று காட்டும் டெஸ்ட்டை மனத்தில் எழுதிப் பார்ப்பேன். உள்ளீடு என்ன, வர வேண்டிய விடை என்ன என்று இரண்டு வரியில் எழுத முடியவில்லை என்றால், அந்த இஷ்யூ இன்னும் விவாத நிலையில்தான் இருக்கிறது.

வெட்டும் இஷ்யூவில் அந்த இரண்டு வரியும் உடனே வந்தன. 'தமிழ்' என்பதை 4 குறியீட்டில் வெட்டினால் 'தமிழ' என்று வருகிறது; வரக் கூடாது. 'கொடி' இன்னும் மோசம். 'கொ' என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். யூனிகோட் இரண்டையும் சமமாகவே கருதுகிறது. இரண்டாம் முறையில் எழுதப்பட்ட கோப்பில் வெட்டு நடுவே விழுந்தால் 'கொ' என்பது 'கெ' ஆகிவிடும். வேறு எழுத்தாகவே மாறிவிடுவதால் பார்க்கிறவருக்குப் பிழை என்றுகூடத் தெரியாது. எழுத்துக் கொத்தின் எல்லை எங்கே என்பதை யூனிகோட் தன் 29ஆம் இணைப்பு ஆவணத்தில் வரையறுத்திருக்கிறது. எது சரி என்று வாதிட வேண்டிய அவசியம் இல்லை.

அதைவிட முக்கியமாக, பராமரிப்பாளர் ஒருவர் பல மாதங்களுக்கு முன்பே அதன் கீழ் ஒரு வாக்கியம் எழுதியிருந்தார்: புதிய நூலகம் எதையும் சேர்க்காமல் செய்தால் ஏற்றுக்கொள்வோம் என்று. அந்த நிபந்தனைதான் வேலையின் வரம்பைத் தீர்மானித்தது. 29ஆம் இணைப்பின் விதிகள் அனைத்தையும் நாமே எழுதுவது பெரிய வேலை. ஆனால் வெட்டும் இடத்துக்கு அடுத்த குறியீடு ஓர் எழுத்தின் மேல் ஏறும் குறியாக இருந்தால் வெட்டை முன்னே தள்ளுவது என்ற எளிய விதிக்குப் பைத்தானோடு வரும் யூனிகோட் தரவே போதும். அது இந்திய எழுத்துகளுக்குப் பொருந்தும். பல உருக்கள் ஒட்டிய எமோஜிக்குப் பொருந்தாது. 'க்ஷ' போன்றவற்றைப் புள்ளிக்குப் பின் வெட்டவும் செய்யும். யூனிகோட் விதியும் தமிழில் அப்படித்தான் வெட்டுகிறது. எமோஜியை இப்போது தொடவில்லை, இந்திய எழுத்துகளுக்கு மட்டும் இந்த விதி போதுமா என்று முதலில் கேட்டேன். போதும் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு எழுதிய நிரல் சில வரிகள்தான். டெஸ்ட்டுகள் அதைவிட நீளம். திட்டத்தின் நிரலோடு மெர்ஜ் ஆனது.

இந்தக் கட்டத்துக்கு வருவதற்கு முன் இன்னொன்றையும் பார்த்திருந்தேன்: வேறு யாராவது முயன்று பார்த்திருக்கிறார்களா என்பதை. இஷ்யூவின் வலப்பக்கத்தில் இணைக்கப்பட்ட புல் ரிக்வெஸ்ட் தெரியும்; இணைக்க மறந்தவை கீழே காலவரிசையில் ஒரு குறிப்பாக மட்டும் தோன்றும். மூடப்பட்ட புல் ரிக்வெஸ்ட்டுகளை நான் பொறுமையாகப் படிப்பேன், ஏனென்றால் பராமரிப்பாளர் எதை விரும்பவில்லை என்பது அங்கேதான் எழுத்தில் இருக்கிறது. அனுப்பியவர் பதில் சொல்லாமல் போய்விட்டதால் மூடப்பட்டது என்றால் அது நல்ல வாய்ப்பு. ரிவ்யூவில் கேட்ட மாற்றங்களின் பட்டியல் தயாராக இருக்கிறது, பாதி வேலை முடிந்திருக்கிறது. சைகிட்-லேர்ன் போன்ற திட்டங்கள் இப்படி நின்றுபோனவற்றை எடுத்து முடிக்கும்படி வெளிப்படையாகவே அழைக்கின்றன. எடுக்கும்போது முன்னவரிடம் ஒரு வார்த்தை கேட்பதும், கமிட்டில் அவரை இணை ஆசிரியராகக் குறிப்பிடுவதும் முறை. மாறாக, மூன்று பேர் மூன்று விதமாக முயன்று மூன்றுமே வடிவமைப்புக் காரணத்தால் நின்றிருந்தால், நான்காவதாக நாம் நுழைவதற்குப் புதிதாகச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும்.

இஷ்யூவை நம் பெயரில் எடுத்துக்கொள்ளும் முறையும் திட்டத்துக்குத் திட்டம் மாறுகிறது. பாண்டாஸ் நூலகத்தில் பின்னூட்டமாக 'டேக்' என்று எழுதினால் தானாக நம் பெயருக்கு ஒதுக்கப்படும். ஜாங்கோவின் ட்ராக்கில் நாமே நம் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். சில திட்டங்கள் யாருக்கும் ஒதுக்குவதே இல்லை. வழிகாட்டியைப் படித்தால் தெரிந்துவிடும்.

இஷ்யூ நன்றாக இருந்து திட்டம் உயிரோடு இல்லாமல் போகும் சந்தர்ப்பங்களும் உண்டு. நட்சத்திர எண்ணிக்கையோ கடைசி கமிட்டின் தேதியோ இதைக் காட்டிக் கொடுப்பதில்லை. நான் பார்ப்பது, கடந்த சில மாதங்களில் மெர்ஜ் ஆன புல் ரிக்வெஸ்ட்டுகளில் உள்வட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள் அனுப்பியவை எத்தனை, அவற்றுக்கு முதல் பதில் வர எவ்வளவு காலம் ஆனது என்பதை. பெரிய நிறுவனம் ஒன்று வெளியிட்ட நூலகத்தில் ஒருமுறை இதைப் பார்த்தபோது விசித்திரமாக இருந்தது. கமிட்டுகள் நாள்தோறும் வந்துகொண்டிருந்தன. ஆனால் எல்லாமே ஒரு தானியங்கிக் கணக்கின் பெயரில். உண்மையான வேலை நிறுவனத்துக்குள் இருக்கும் தனிக் களஞ்சியத்தில் நடக்கிறது, வெளியே தெரிவது அதன் நகல். வெளியாரின் புல் ரிக்வெஸ்ட்டுகள் ஆண்டுக்கணக்கில் பதிலின்றிக் கிடந்தன. நிரல் திறந்திருக்கிறது, வாசல் திறந்திருக்கவில்லை. உரிமத்தில் இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் மாலை நேரத்தை அங்கே செலவழிக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

பிழை இன்னும் இருக்கிறதா என்பதைச் சரிபார்ப்பது அடுத்தது. வெளியான பதிப்பில் வரும் பிழை, புதிய மாற்றங்கள் சேரும் முதன்மைக் கிளையில் ஏற்கெனவே தீர்ந்திருப்பது மிகச் சாதாரணம். அதனால் மூலத்திலிருந்து கட்டமைத்து, இஷ்யூவில் சொன்னபடி செய்து, பிழையை நம் கணினியில் வரவழைத்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஆகும் நேரமும் இஷ்யூவின் விலையில் சேர்ந்தது. பைத்தான் மொழியின் மூல நிரலான சிபைத்தானைச் சாதாரண மடிக்கணினியில் சில நிமிடங்களில் கட்டமைத்துவிடலாம். லிப்ரே ஆஃபிஸை முதன்முறை கட்டமைக்க, கணினியைப் பொறுத்துப் பல மணி நேரம் ஆகும். வட்டில் இடமும் நிறைய வேண்டும். ஒரே ஓர் எழுத்துப் பிழைக்காக அதைச் செய்வதில் அர்த்தமில்லை; தொடர்ந்து அங்கே வேலை செய்யப் போகிறோம் என்றால் அந்தச் செலவு பிறகு பங்கு போட்டுக் குறைந்துவிடும். பிழை வந்துவிட்டால் அந்த வரியை எழுதியது யார், எப்போது, எந்த இஷ்யூவுக்காக என்று கிட் பிளேம் கட்டளையில் பார்ப்பேன். விநோதமாகத் தெரியும் வரி பல நேரங்களில் வேறொரு பிழையைத் தீர்க்க வேண்டுமென்றே எழுதப்பட்டதாக இருக்கும்.

சிறிய மாற்றம் என்று தோன்றுவதன் பின்னால் வரும் வேலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். இயல்புநிலை மதிப்பு ஒன்றை மாற்றுவது ஒரு சொல் திருத்தம்தான். ஆனால் அதை நம்பியிருக்கும் பயனர்களுக்கு அது முறிவு. ஜாங்கோவில் பொது இடைமுகத்தில் உள்ள ஒன்றை நீக்க, முதலில் எச்சரிக்கை காட்டி, குறைந்தது இரண்டு வெளியீடுகள் பொறுத்த பின்பே நீக்க முடியும். எச்சரிக்கைக்கு டெஸ்ட், வெளியீட்டுக் குறிப்பு, ஆவணம் எல்லாம் எழுத வேண்டும். பயனருக்குத் தெரியும் நடத்தை மாறுகிறதா, மாறவில்லையா என்ற ஒரு கேள்வியை வைத்தே வேலையின் அளவை ஓரளவு ஊகித்துவிடலாம்.

சட்டப் பக்கத்தைப் பலரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். சிபைத்தானுக்குப் பங்களிக்க ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட வேண்டும். லினக்ஸ் கர்னலில் 2004 முதல் ஒவ்வொரு கமிட்டிலும் 'சைன்டு-ஆஃப்-பை' என்ற வரியோடு, இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று உறுதி கூற வேண்டும். இங்கே மென்பொருள் நிறுவனங்களில் வேலைக்குச் சேரும்போது நாம் கையெழுத்திடும் ஒப்பந்தங்களில், பணிக்காலத்தில் எழுதும் நிரலின் உரிமை பற்றி ஒரு பிரிவு இருப்பது வழக்கம். அலுவலக நேரத்துக்கு வெளியே, சொந்தக் கணினியில் எழுதியதற்கும் அது பொருந்துமா என்பது ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வேறுபடும். மேலாளரிடம் வாய்மொழியாகக் கேட்பதைவிட மின்னஞ்சலில் அனுமதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அனுமதி கிடைக்காது என்று தெரிந்தால், இஷ்யூ எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் அதை விட்டுவிட வேண்டியதுதான்.

இவ்வளவும் பார்த்த பிறகும் தெளிவு வராத இஷ்யூ ஒன்று மனத்துக்குப் பிடித்திருந்தால், நிரல் எழுதுவதற்கு முன் ஒரே ஒரு பின்னூட்டம் எழுதலாம். 'இதில் வேலை செய்யலாமா' என்று மட்டும் கேட்டால் பதில் வருவது கடினம், ஏனென்றால் கேட்பவருக்கு என்ன தெரியும் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. நான் எழுதுவது ஏறத்தாழ இப்படி இருக்கும்: முதன்மைக் கிளையின் இன்ன கமிட்டில் இந்தப் பிழையை வரவழைத்துப் பார்த்தேன், காரணம் இன்ன கோப்பில் இன்ன சார்பு என்று தெரிகிறது, இரண்டு வழிகளில் தீர்க்கலாம், முதலாவது சிறியது ஆனால் இன்ன இடத்தைத் தொடாது, இரண்டாவது அதையும் தீர்க்கும் ஆனால் பொது இடைமுகம் மாறும், முதலாவதை அனுப்பினால் ஏற்பீர்களா? ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்விக்குப் பதில் வரும் வாய்ப்பு அதிகம். சில வாரங்களில் எதுவும் வரவில்லை என்றால், ஒருமுறை மரியாதையாக நினைவூட்டிவிட்டு வேறு இஷ்யூவுக்குப் போய்விடுவேன்.

வேண்டாம் என்று விட்டுவிடும்போதும் கண்டறிந்ததை எழுதி வைத்துவிட்டுப் போவது என் வழக்கம். நெடுவரிசை இஷ்யூவில் 'கி', 'கீ' இரண்டின் கணக்கையும், எந்த எந்த முனையத்தில் அட்டவணை எப்படித் தெரிகிறது என்பதைத் திரைப்பிடிப்புகளோடும், இதை இங்கே தீர்க்க முடியாது என்று நான் கருதுவதற்கான காரணத்தையும் எழுதினேன். சிறிது காலம் கழித்துப் பராமரிப்பாளர் அதை வேறு அடுக்கில் தீர வேண்டிய பிரச்சினை என்று லேபிள் மாற்றினார். ஒரே வரியில் தீர்த்துவிடலாம் என்று அதன் பிறகு வந்த இருவரையும் அந்தப் பின்னூட்டத்துக்கே அனுப்பினார். நம் பெயரில் ஒதுக்கப்பட்டிருந்தால் அதை நீக்கிவிடவும் வேண்டும். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு வேலை நடக்காத இஷ்யூவை, தகுதியான வேறொருவர் வடிகட்டியில் பார்க்காமலே கடந்துபோவார்.